சிவப்புக் கட்டத்தில் ஒரு வீடு

ஸ்கார்விக்கில் பால் லாரி ஓட்டுகிறவன் நான். மலைகளுக்கு நடுவே நீளமாக உள்ளே நுழைந்த கடல்தான் எங்கள் ஃபியோர்டு. அதன் வடகரையில் ஒரு நாள், தென்கரையில் ஒரு நாள் என்று இருபத்திரண்டு வருஷமாக ஓட்டுகிறேன். எந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்பது ஊருக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். மனுஷர்கள் சிரித்து மழுப்புவார்கள். மாடுகளுக்கு அது தெரியாது. பால் குறைந்திருக்கும்.

அந்த வருஷம் செப்டம்பர் கடைசியில் ஆஸ்முண்ட் வீட்டுப் பால் நாற்பது லிட்டர் குறைந்தது.

ஆஸ்முண்டுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. இருபத்து மூன்று கறவை மாடுகள். வீடும் தொழுவமும் வடகரையில் நிப்பா மலையின் காலடியில், அண்ணாந்து பார்த்தால் தொப்பி கீழே விழுகிற இடத்தில் இருந்தன. அவன் மனைவி குன்வோர் ஊராட்சி அலுவலகத்தில் வேலை பார்த்தாள். எங்கள் ஊராட்சியில் மொத்தமே தொள்ளாயிரம் சொச்சம் பேர்தான். ஆளுக்கு ஒரு வேலை என்பதெல்லாம் இங்கே கட்டுப்படியாகாது. திங்கள் முதல் புதன் மதியம்வரை அவள் நூலகர். புதன் மதியத்திலிருந்து வெள்ளிவரை பேரிடர் முன்னேற்பாட்டுப் பொறுப்பாளர். இரண்டுக்கும் ஒரே மேசை. புதன்கிழமை சாப்பிட்டு வந்ததும் நாற்காலியை மட்டும் மேசைக்கு அந்தப் பக்கம் தூக்கிப் போட்டுக்கொள்வாள்.

தலைநகரத்தில் ஓர் அலுவலகம் இருக்கிறது. இந்த நாட்டுக்கு என்னென்ன கெடுதல் வரக்கூடும் என்று யோசிப்பதுதான் அங்கே இருப்பவர்களுக்கு முழுநேர வேலை. தொற்றுநோய், அணை உடைவது, புயல், ஒரு வாரம் மின்சாரம் இல்லாமல் போவது, போர், மலை சரிவது. ஒவ்வொன்றும் வர எவ்வளவு வாய்ப்பு, வந்தால் எத்தனை உயிர் போகும், எவ்வளவு நஷ்டம் என்று கணக்கிட்டுப் பெரிய அறிக்கையாகப் போடுவார்கள். அதோடு விட்டால் பரவாயில்லை. ஒவ்வோர் ஊராட்சியும் தன் ஊருக்கு அதே மாதிரி ஒன்று செய்தாக வேண்டும் என்பது சட்டம். குறுக்கே வாய்ப்புக்கு ஐந்து, நெடுக்கே சேதத்துக்கு ஐந்து, மொத்தம் இருபத்தைந்து கட்டம். பச்சை என்றால் தூங்கலாம். மஞ்சள் என்றால் ஒரு கண்ணைத் திறந்துகொண்டு தூங்கலாம். சிவப்பு என்றால் உடனே ஏதாவது செய்ய வேண்டும்.

செப்டம்பரில் குன்வோர் அந்தக் கூட்டத்தைக் கூட்டினாள். வாஃபிளும் காப்பியும் உண்டு என்று அறிவிப்பில் போட்டிருந்ததால் நானும் போனேன். சாலையில் போகிறவர்கள் சார்பாக என்று என் பெயரையும் எழுதிக்கொண்டார்கள்.

அப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. ஒவ்வொருவரும் தன் ஆபத்தைக் கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணைப்போல் உயர்த்திப் பேசினார்கள். சுரங்கப்பாதையில் லாரி தீப்பிடிப்பதுதான் இந்த ஊரின் ஆகப்பெரிய ஆபத்து என்றார் தீயணைப்புத் தலைவர் ஹல்கெய்ர். சொல்லும்போது ஏனோ என்னைப் பார்த்தார். அவருக்குப் புது வண்டி வேண்டும். டாக்டர் தொற்றுநோயைச் சிவப்பில் போடாமல் எழுந்திருக்கப் போவதில்லை என்றார். கடைக்கார அம்மாளுக்கு மின்வெட்டு சிவப்பில் வர வேண்டும். வந்தால் ஊராட்சி செலவில் ஒரு ஜெனரேட்டர் அவள் கடைக்குப் பின்னால் வந்து உட்காரும். சிவப்பில் இடம் போதாமல் போய்விடுமோ என்றுகூட எனக்குக் கவலையாக இருந்தது.

விவசாயிகள் சங்கத்தின் சார்பில் வந்திருந்த ஆஸ்முண்ட் ஒருத்தன்தான் தன் ஆபத்தைப் பச்சையில் போடச் சொன்னவன்.

அவனுக்கும் காரணம் இருந்தது. மாட்டைக் கட்டிப்போட்டு வளர்க்கக் கூடாது, அவிழ்த்துவிட்ட தொழுவம்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. கெடு முடிவதற்குள் புதுத் தொழுவம் கட்டாவிட்டால் மாடுகளை விற்க வேண்டியதுதான். இரண்டு குளிர்காலமாக உட்கார்ந்து அவனே வரைபடம் போட்டு வைத்திருந்தான். நிப்பா மலை சிவப்பில் விழுந்தால் அதன் அடியில் ஒரு கோழிக்கூடு கட்டக்கூட அனுமதி கிடைக்காது.

"அந்த மலை எங்க தாத்தா காலத்துலேருந்து அங்கதான் நிக்குது," என்றான் ஆஸ்முண்ட்.

"நிக்கல. வருஷத்துக்கு ஒரு விரக்கடை எறங்குது," என்றாள் குன்வோர், தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

"ஒரு விரக்கடை. அதைவிட வேகமா எனக்கு முதுகு வளையுது. என்னையும் செவப்புல போடுவியா?"

"ஒன் ரத்த அழுத்தத்துக்கு மஞ்சள்ல போடலாம்," என்றார் டாக்டர்.

எல்லாரும் சிரித்தார்கள். ஆஸ்முண்ட் சிரிக்கவில்லை. குன்வோரும் சிரிக்கவில்லை. நூறு வருஷத்தில் ஒரு முறை விழக்கூடும், விழுந்தால் கீழே இருப்பது எதுவும் மிஞ்சாது என்று மலையை அளக்கிற நிபுணர்கள் எழுதியிருந்ததை வாசித்தாள். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்துத் தன் வீட்டுக்கு மேலே நிற்கிற மலைக்கு உரிய கட்டத்தில் தானே கோடு போட்டாள். ஆனால் மூடியைப் போடும்போது பேனாவைத் தலைகீழாகப் பிடித்து மூடப் பார்த்தாள்.

அன்றிலிருந்து ஆஸ்முண்ட் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டான்.

அவர்கள் தொழுவத்தை ஒட்டிய பால் அறையில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. எந்த மாட்டுக்கு மருந்து, எது சினை என்று எழுதுவதற்கு. மூன்று வாரம் அவர்கள் குடும்பம் அந்தப் பலகையில்தான் நடந்தது. 'ஏழாம் நம்பர், இடப்பக்கப் பின்காம்பு வீக்கம்' என்று இருக்கும். அதற்குக் கீழே, 'உருளைக்கிழங்கு தீர்ந்துவிட்டது.' அதற்குக் கீழே குன்வோரின் சாய்ந்த கையெழுத்தில், 'நிலவறையில் இன்னும் ஒரு மூட்டை. தேடினால் கிடைக்கும்.' ஒருநாள், 'உன் அக்கா பேரன் பெயர்சூட்டு, ஞாயிறு. போகிறோமா?' என்று அவள் கேட்டிருந்தாள். மறுமுறை நான் போனபோது கேள்வி அப்படியே இருந்தது. பக்கத்தில் பன்னிரண்டாம் நம்பரின் காய்ச்சல் அளவு மட்டும் எழுதியிருந்தது.

அக்டோபரில் மழை பிடித்தது. எங்களுக்கு மழை புதிதில்லை. ஆனால் அது பதினொரு நாள் மூச்சுவிடாமல் பெய்தது. மலையின் விரிசலுக்குள் தண்ணீர் இறங்கியது. ரக்னி என்ற நில ஆய்வாளர்ப் பெண் தென்கரையில் ஒரு வயலில் கருவியை நிறுத்தி, ஃபியோர்டுக்கு அந்தப் பக்கமிருந்தே நிப்பாவை அளந்துகொண்டிருந்தாள். வருஷத்துக்கு ஒரு விரக்கடை என்று இருந்தது, வாரத்துக்கு ஒன்று ஆனது. பிறகு நாளைக்கு ஒன்று. ஒரு புதன்கிழமை காலை அவள் ஊராட்சி அலுவலகத்துக்குப் போன் செய்தபோது ஒரு மணி நேரத்துக்கு ஒன்று.

அன்று நான் ஆஸ்முண்டின் பால் அறையில் குழாயை மாட்டிக்கொண்டிருந்தேன். மணி ஒன்று இருக்கும். அவன் போன் அடித்தது. கை ஈரமாக இருந்ததால் முழங்கையால் தட்டிச் சத்தமாகப் பேசும்படி வைத்தான்.

"ஸ்கார்விக் ஊராட்சிப் பேரிடர் பிரிவிலிருந்து பேசுறேன்," என்றது குன்வோரின் குரல். "நாப்பத்தோராம் எண் நிலத்தோட உரிமையாளரா பேசுறது?"

ஆஸ்முண்ட் என்னைப் பார்த்தான். நான் குழாயைப் பார்த்தேன்.

"காலைல கஞ்சி குடிச்ச கிண்ணத்தைக் கழுவாமப் போட்டுட்டுப் போனியே, அந்த வீடுதான்," என்றான்.

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு அவள் தாளில் இருந்ததை முழுக்க வாசித்தாள். காவல்துறை உத்தரவு, மாலை ஆறு மணிக்குள் எல்லாரும் வெளியேற வேண்டும், மருந்து, அடையாள அட்டை, மாற்றுத்துணி எடுத்துக்கொள்ளவும். கேள்வி ஏதாவது உண்டா என்று கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு. மாடுங்க?"

"பேரிடர்த் திட்டம், முப்பத்தோராம் பக்கம்," என்றாள் குன்வோர். "விலங்குகள்: உரிமையாளர் பொறுப்பு."

"யாரு எழுதினது அதை?"

"நான்தான்," என்றாள். குரல் இறங்கிவிட்டது. "எழுதும்போது யாரோட மாட்டையோ நெனச்சு எழுதிட்டேன்."

இருபத்து மூன்று மாட்டைப் பையில் போட்டுக்கொண்டு போக முடியாது. நாளைக்கு இரண்டு முறை கறக்க வேண்டும். கறக்கிற குழாயும் குளிர்விக்கிற தொட்டியும் உள்ள காலித் தொழுவம் வேண்டும். ஃபியோர்டின் இரண்டு கரையிலும் அப்படி ஒன்றுதான் இருந்தது. தென்கரையில், தூர்லெய்வ் வீட்டில். முழங்கால் தேய்ந்து இரண்டு வருஷத்துக்கு முன் மாட்டை விற்றவன், தொழுவத்தை மட்டும் வாரம் தவறாமல் கழுவி வைத்திருந்தான். எதற்கென்று கேட்டால் முறைப்பான்.

ஆஸ்முண்டும் தூர்லெய்வும் பேசிப் பதினொரு வருஷம் ஆகியிருந்தது. ஒரு மான் வேட்டையில் இருவரும் ஒரே நொடியில் சுட்டார்கள். ஒரே மான். உடம்பில் இரண்டு குண்டு. கறியைச் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். கொம்பைப் பிரிக்க முடியவில்லை. அதோடு போச்சு.

"அவன்கிட்டப் போய் நின்னு கேக்கறதுக்கு மலை என் தலையில விழட்டும்," என்று சொல்லிவிட்டு ஆஸ்முண்ட் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு மாடுகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டான்.

அரை மணி நேரத்தில் குன்வோர் வந்தாள். அலுவலக உடுப்பு, மேலே ஆரஞ்சு நிறச் சட்டை, முதுகில் ஊராட்சி முத்திரை. வெளியே மழைக்குள் மேலே எங்கோ கல் உருளும் சத்தம் கேட்டது. குன்வோர் கணவன் எதிரில் போய் நின்றாள்.

"மாடு போகலேன்னா நீ போகமாட்டே. அது எனக்குத் தெரியும்," என்றாள். "நீ போகலேன்னா நானும் இங்கதான் ஒரு வாளியைக் கவுத்துப் போட்டு உக்காருவேன். அப்புறம் இந்த ஊருல பேரிடருக்கு ஆளில்ல. நூலகத்துக்கும் ஆளில்ல."

"நான் அவன்கிட்டக் கேக்கமாட்டேன்."

"நீ கேக்க வேண்டாம். ஊராட்சி கேக்கும்."

"அவனுக்கு நான் கடமைப்பட மாட்டேன்."

"ஊராட்சி கடமைப்படும். நீ கம்முனு மாட்டை அவுத்துவிடு."

பால் அறையின் ஜன்னல் விளிம்பில் தாளை வைத்து அங்கேயே எழுதினாள். அந்தக் கடிதத்தைத் தூர்லெய்விடம் கொண்டுபோனவன் நான்தான். வண்டிகளை ஏற்றிப் போகும் படகுக்காகத் துறையில் காத்திருந்த நேரத்தில் படித்தேன், மறைப்பானேன். 'பொருள்: கறவை மாடுகளுக்குத் தற்காலிக இடம். ஊராட்சியின் பொறுப்பில் உள்ள இருபத்து மூன்று மாடுகளைத் தங்கள் தொழுவத்தில் தங்கவைக்க அனுமதி கோரப்படுகிறது. மாடுகளுடன் ஊராட்சி சார்பில் பணியாளர் ஒருவர் வருவார்.'

தூர்லெய்வ் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, வாசலில் நின்றபடி இரண்டு முறை படித்தான். பிறகு ஜன்னல் வழியாக எதிர்க்கரையில் மேகத்துக்குள் நின்ற நிப்பாவைப் பார்த்தான். ரக்னியின் கருவி நின்றதே அவன் வயலில்தான். அந்த மலை எவ்வளவு நகர்ந்தது என்பது ஊரில் அவளுக்கு அடுத்தபடியாக அவனுக்குத்தான் தெரியும்.

"பணியாளர் ஒருவர்," என்றான். "அவரு பேரு என்ன?"

"கடிதத்துல போடல," என்றேன்.

"அப்ப எனக்கும் தெரிய வேண்டியதில்ல."

அதே தாளின் பின்பக்கம் எழுதினான்: 'ஊராட்சியின் மாடுகள் வரலாம். யாருடையவை என்று விசாரிக்கும் உத்தேசம் இல்லை.' கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டான். நான் திரும்பி லாரியில் ஏறுவதற்குள் தொழுவத்தில் விளக்கு எரிந்தது. அவன் நொண்டிக்கொண்டே வைக்கோல் பரப்பத் தொடங்கியிருந்தான்.

மாட்டை ஏற்ற வடகரையில் கிடைத்த ஒரே வண்டி இறைச்சிக்கூடத்து வண்டி. அதைப் பார்த்ததும் ஆஸ்முண்டுக்கு முகம் செத்துவிட்டது. ஒவ்வொரு மாட்டையும் ஏற்றும்போது காதில் ஏதோ சொல்லி அனுப்பினான். ஆறு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது கடைசி மாடு ஏறியது. குன்வோர் வீட்டைப் பூட்டினாள். பிறகு என்ன நினைத்தாளோ, திறந்து உள்ளே ஓடி, கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு வந்து மறுபடி பூட்டினாள்.

பிறகு எட்டு நாள் மலை விழவில்லை.

தலைநகரத்திலிருந்து தொலைக்காட்சிக்காரர்கள் வந்து தென்கரையில் வரிசையாகக் கேமராவை நிறுத்தினார்கள். ஊர்ச் சமூகக்கூடத்தில் பெண்கள் ஆட்டுக்கறியும் முட்டைக்கோசும் பெரிய பானையில் வேகவைத்து அவர்களுக்குப் போட்டார்கள். மலை நாளைக்கு விழும் என்று ரக்னி சொல்வாள். நாளை வரும், மலை விழாது. ஐந்தாம் நாள் மழை நின்றது, மலையும் மெதுவானது. ஊர்க்காரர்களுக்குச் சலித்துப் போய்விட்டது. கடைக்கார அம்மாள் குன்வோரிடம், இத்தனை செலவுக்குப் பேசாமல் மின்வெட்டைச் சிவப்பில் போட்டிருக்கலாம் என்று சொன்னாளாம். பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் மலை விழும் நாளுக்குப் பந்தயப் பட்டியல் போட்டார். குன்வோர் அதைச் சுவரிலிருந்து கிழித்தாள். ஆனால் கிழிப்பதற்கு முன்னால் யார் யார் எந்த நாள் கட்டியிருக்கிறார்கள் என்று முழுக்கப் படித்தாள்.

குன்வோரும் ஆஸ்முண்டும் சமூகக்கூடத்து மாடியறையில் தங்கியிருந்தார்கள். அங்கே பலகை கிடையாது. ஆகவே ஆஸ்முண்ட் பேசித்தான் தீர வேண்டியிருந்தது. பேசியதெல்லாம் குத்தல்தான். "ஒன் செவப்பு இன்னும் தூங்குதா?" என்று காலையில் எழுந்ததும் கேட்பான். எட்டாம் நாள் வீட்டுக்குத் திரும்ப அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்தான். அதை வாங்கி முத்திரை குத்தி, மறுத்துக் கையெழுத்துப் போட்டதும் குன்வோர்தான். அன்று அவள் சாப்பிடவில்லை என்று சமையல் செய்த பெண்கள் சொன்னார்கள். மலை விழ வேண்டும் என்று அவளால் ஆசைப்பட முடியாது. விழாமலே போனால் ஊர் முகத்தில் விழிக்கவும் முடியாது.

தென்கரைத் தொழுவத்திலோ வேறொரு கூத்து. ஊராட்சிப் பணியாளர் ஆஸ்முண்ட் காலை ஐந்துக்கும் மாலை ஐந்துக்கும் வந்து கறப்பான். நடுவிலும் சாணம் தள்ள வருவான். தூர்லெய்வ் தொழுவத்தை விட்டு நகரமாட்டான். இருவரும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. மாடுகளோடு பேசுவார்கள்.

"டாக்ரோஸ், பாத்து நட. நடக்கிற எடத்துல யாரோ வாளியை வெச்சிருக்காங்க," என்பான் ஆஸ்முண்ட்.

தொழுவத்தின் அந்தக் கோடியிலிருந்து தூர்லெய்வ் வேறொரு மாட்டிடம் சொல்வான்: "இருவது வருஷமா வாளி அங்கதான் இருக்குன்னு டாக்ரோஸ்கிட்டச் சொல்லு."

ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. காலை பதினொன்றரை. தென்கரைப் பாலை எடுக்க நான் தூர்லெய்வ் முற்றத்தில் லாரியை நிறுத்தியிருந்தேன். தொலைக்காட்சிக்காரர்கள் மொத்தமும் ஆட்டுக்கறி சாப்பிடப் போயிருந்தார்கள். குன்வோர் கருவிக்குப் பக்கத்தில் ரக்னியோடு நின்று, வரும் திங்களன்று வெளியேற்ற உத்தரவைத் தளர்த்தலாமா என்று பேசிக்கொண்டிருந்தாள். மழை இல்லை. வெயில்கூட அடித்தது.

முதலில் சத்தம் இல்லை. எதிர்க்கரையில் மலையின் நெஞ்சுப் பகுதி மெதுவாகக் கீழே உட்கார்ந்தது. வயதானவர் நாற்காலியில் உட்காருகிற மாதிரிதான் இருந்தது. பிறகுதான் சத்தம் வந்தது. காலுக்கடியில் தரை அதிர்ந்து லாரியின் கண்ணாடி கிடுகிடுத்தது. சாம்பல் நிறத் தூசி எழும்பி ஃபியோர்டை மறைத்தது. தொழுவத்துக்குள் இருபத்து மூன்று மாடுகளும் ஒன்றாகக் கத்தின.

தூசி அடங்கக் கால்மணி நேரம் ஆயிற்று. ஆஸ்முண்டின் தொழுவம் இருந்த இடத்தில் லாரியளவு பாறைகள் கிடந்தன. மேய்ச்சல் நிலம் இல்லை. வீடு இருந்தது, ஆனால் அஸ்திவாரத்தை விட்டு நகர்ந்து திரும்பியிருந்தது. இத்தனை வருஷம் சாலையைப் பார்த்த வாசல் இப்போது எங்களைப் பார்த்தது.

குன்வோரின் போன் அடித்தது. காவல்துறை. யாராவது காணவில்லையா என்று கேட்டார்கள். இல்லை என்றாள். உறுதியாகவா என்றார்கள். ஃபியோர்டின் அந்தப் பக்கம் ஆபத்துப் பகுதியில் ஒருத்தரும் இல்லை, மாடுகூட இல்லை என்றாள். போனை வைத்ததும் ஈரப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஆஸ்முண்ட் சாணம் தள்ளுகிற மண்வெட்டியைக் கையில் பிடித்தபடி தொழுவத்து வாசலில் நின்றிருந்தான். மெதுவாக வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"பதினொண்ணரை," என்றான்.

"ம்."

"பதினொண்ணரைக்கு நான் எப்பவும் தீவனம் அள்ளிட்டு இருப்பேன். உள்கோடில."

"தெரியும்," என்றாள் குன்வோர். "அந்தக் கட்டத்துல கோடு போடும்போது அதைத்தான் நெனச்சேன்."

அவன் அவளுடைய ஆரஞ்சுச் சட்டையின் தோளில் படிந்திருந்த தூசியைத் தட்டிவிட்டான். அவன் கையில் சாணம் இருந்தது. தூசி போய் அது ஒட்டிக்கொண்டது. இருவரும் அதைப் பார்த்தார்கள். அவள் முதலில் சிரித்தாள்.

சாலைகள் மூடிவிட்டதால் லாரியோடு நானும் அங்கேயே மாட்டிக்கொண்டேன். தொலைக்காட்சிக்காரர்கள் வாயைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து, எப்படி விழுந்தது என்று என்னைக் கேட்டுக் கேட்டுப் படம் பிடித்தார்கள். புது வீடு எங்கே, தொழுவம் எங்கே, நிவாரண நிதியிலிருந்து எப்போது வரும், எவ்வளவு வரும் என்பதெல்லாம் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. ஆனால் ஐந்து மணி ஆனது. மடி கனத்த மாடுகளுக்கு மலை விழுந்ததும் விழாததும் ஒன்றுதான்.

ஆஸ்முண்ட் கறவைக் குழாயை எடுத்தான். காம்பில் மாட்ட முடியவில்லை. இரண்டு முறை நழுவிக் கீழே விழுந்தது. தூர்லெய்வ் அதை அவன் கையிலிருந்து வாங்கி மாட்டினான். குன்வோர் அலுவலக உடுப்போடு ஒரு வாளியும் துணியும் எடுத்துக்கொண்டு மடி கழுவ உட்கார்ந்தாள். கல்யாணமான புதிதில் கழுவியது; மாடுகள் அவளைச் சந்தேகமாகத் திரும்பிப் பார்த்தன.

அப்படியே பத்துப் பன்னிரண்டு மாடு முடிந்தது. டாக்ரோஸிடம் வந்ததும் தூர்லெய்வ் நின்றான். வலிக்கிற முழங்காலை மடக்கிக் குனிந்து அதன் பின்காலைத் தூக்கிப் பார்த்தான். மாட்டிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டான். பிறகு தலையைத் தூக்கி நேராகக் கேட்டான்.

"ஆஸ்முண்ட், இந்தக் கொளம்பை யாரு சீவினது?"

ஆஸ்முண்ட் மாட்டின் முதுகுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"நான்தான்," என்றான் ஆஸ்முண்ட்.

"பாத்தாலே தெரியுது. ரொட்டி அறுக்கற கத்தியாலயா சீவின?"

"ஒன்னை யாரும் கேக்கல."

"கோணலாச் சீவி வெச்சிருக்கே. அதான் எடது பக்கம் சாஞ்சு நிக்குது, பாவம்."

"அது பொறந்ததிலேருந்தே அப்படித்தான் நிக்கும்."

"பொறந்ததிலேருந்தே நீதான சீவுறே."

குன்வோர் அடுத்த மாட்டின் மடிக்கடியில் குனிந்திருந்தாள். அவள் நிமிரவில்லை. துணியைப் பிழிந்துவிட்டு, சத்தம் வராமல் வாளியை நகர்த்திக்கொண்டு அதற்கடுத்த மாட்டுக்குப் போனாள்.